‘நெகட்டிவ்’ என்ற சீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

திருப்பதி வாசகருக்கு,

உங்கள் அண்ணன் ஒரு மாதமாக இருமுகிறார், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் இளைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சளியைச் சோதித்ததில் ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டது, இனிப் பயமில்லைதானே என்று கேட்டிருந்தீர்கள். பயமில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தச் சோதனையில் சளியைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ராபர்ட் காக் 1882-இல் காசநோய் (டி.பி.) கிருமியைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து வரும் வழி அது. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். குறைந்தால், டி.பி. இருந்தும் சீட்டில் ‘நெகட்டிவ்’ என்றே வரும். குழந்தைகளுக்கும் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இப்படி அடிக்கடி ஆகிறது.

இதைவிட நுட்பமானது சிபிநாட் சோதனை; அது கிருமியின் மரபணுவையே பெருக்கிப் பார்க்கிறது. மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமிகள் இருந்தாலே சொல்லிவிடும். இரண்டு மணி நேரம் போதும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இதே வகையைச் சேர்ந்த, கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடுவதால், சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம்.

எக்ஸ்ரேயையும் விடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்து மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1950-லேயே சுற்றுக் கிராமங்களுக்கு எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோனார்கள். இருமல் வந்தவர் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், ஊர் மக்களையே படம் பிடித்துப் பார்த்தார்கள். அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அவர்கள் செய்தது எவ்வளவு சரி என்பதை 2019-21-இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு காட்டியது: எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 42 பேர் தப்பிப்போயிருப்பார்கள்.

இன்னொன்று, எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்தக் கருவியும் ஏமாந்துதான் போகும். அண்ணன் காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சளியை டப்பாவில் எடுக்கட்டும்.

நாளைக் காலையே அதை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். “சிபிநாட்டோ ட்ரூநாட்டோ செய்யுங்கள், நெஞ்சுப் படமும் எடுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.