வளர்ற பிள்ளைக்கு வாங்கிய கிளவுஸ்

என் மகள் மாவட்ட சாஃப்ட்பால் குழுவுக்குத் தேர்வாகாமல் போனதற்குக் காரணம் நான் வாங்கிக் கொடுத்த கிளவுஸ். அவளுடைய ஆட்டம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில், ரிங்லெட் பக்கம் சிலர் இன்னும் வேறு மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். எனக்கு லெம்பா பெர்த்தாமில் செவ்வந்திப் பண்ணையில் வேலை. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காலை முழுக்கப் பூ வெட்ட வேண்டும். கைக்குப் பெரிதான ரப்பர் கையுறையைப் போட்டால் கத்தரி பிடிக்க வராது. விரல் நுனியில் ரப்பர் மடங்கிக்கொண்டு காம்பு நழுவும். பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது. தெரிந்தும் மகள் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

அப்போது அவளுக்கு 13 வயது. பள்ளிக்கூடத்துப் பழைய கிளவுஸ்களில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு செகண்ட் பேஸில் ஆடிக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கேட்டாள். தாப்பா இறங்கி ஈப்போவுக்கு அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, பரீட்சை என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு அண்ணனோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பதினொன்றரை அங்குலம், இன்னொன்று 13.

"வளர்ற பிள்ளை, பெருசாவே எடு தங்கச்சி. பந்தும் தப்பாது" என்றார் அண்ணன்.

பள்ளிச் சப்பாத்தை ஒரு அளவு கூட்டி வாங்கி, நுனியில் பஞ்சை அடைத்துப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை எந்த இடத்தில் நிற்பாள், கை எவ்வளவு பெரியது என்று கேட்க அரை நிமிடம் ஆகுமா? 13 அங்குலம் தூரத்தில், அவுட்ஃபீல்டில் நிற்பவர்கள் போடுவது. கிளவுஸ் விற்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? 180 வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேர்வு அன்று திடலில் பனி மூட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் ஓரமாக நின்றேன். மூன்றாவது பந்து தரையோடு உருண்டு அவளிடம் வந்தது. அழகாகக் குனிந்தாள், பந்து உள்ளே போய்விட்டது. வலது கையும் பின்னாலேயே உள்ளே போனது, ஆனால் வெளியே வரவில்லை. கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள். கிளவுஸின் விரல்கள் அவள் விரலைத் தாண்டி நீண்டு, மொத்தக் கனமும் மணிக்கட்டில் தொங்கியது. பந்தைத் தோண்டி எடுப்பதற்குள் ஓடியவள் ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டிவிட்டாள். சாஃப்ட்பாலில் பேஸுக்குப் பேஸ் 60 அடிதான், பேஸ்பாலில் 90. இந்த அறுபது அடிக்குள் பிடிக்கவும் வேண்டும், எடுத்து எறியவும் வேண்டும். இன்னொரு முறையும் அதே கதை. அதற்கடுத்த முறை, பயத்தில், கிளவுஸ் மூடுவதற்கு முன்பே கையை விட்டாள். பந்து காலடியில் விழுந்தது.

தேர்வு செய்ய வந்த பயிற்சியாளர் "கை வேகம் போதாது" என்று சொல்லிவிட்டார். கையைக் குறை சொன்னவர் அந்தக் கையில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். வேனில் திரும்பும்போது என் மகள் பேசவே இல்லை. கிளவுஸ் அவள் காலடியில் கிடந்தது.

அதனால் சொல்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் கிளவுஸ் வாங்காதீர்கள். கையோடு ஒரு பந்தையும் எடுத்துப் போங்கள். சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் 9 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். பேஸ்பால் கிளவுஸின் குழியில் நம் பந்து பாதிதான் உட்காரும். கடையில் 'இரண்டும் ஒன்றுதான்' என்பார்கள், காதில் வாங்க வேண்டாம். பிள்ளை கிளவுஸை மாட்டி, இன்னொரு கையின் உதவியில்லாமல் மூட வேண்டும். பிறகு பந்தைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், பத்துத் தடவை, வேகமாக. கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும். கிளவுஸின் அளவு என்பது சுட்டுவிரல் நுனியிலிருந்து குழி வழியாக அடி ஓரம் வரை. பேஸ்களை ஒட்டி இன்ஃபீல்டில் நிற்கும் பிள்ளைக்குப் பதினொன்றரையிலிருந்து 12 போதும். நாளைக்குக் கை வளர்ந்தால் நாளைக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

வலது கையால் எறிபவர் இடது கையில் மாட்ட வேண்டும். 'ஆர்.எச்.டி.' என்று போட்டிருந்தால் அதுதான் அர்த்தம். கேட்சருக்கும் ஃபர்ஸ்ட் பேஸுக்கும் விரல் பிரியாத தனி வகை உண்டு. பிள்ளையின் இடம் முடிவாகாதவரை அது வேண்டாம்.

மகளுக்கு இரண்டாவது கிளவுஸை ஈப்போவில் ஒரு பண்டல் கடையில், ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களுக்கு நடுவே, அவளே தேடி எடுத்தாள். மிசுனோ, 12 அங்குலம், 60 வெள்ளி. 'பழசையா பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தே?' என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். புதுத் தோல் விறைப்பாக இருக்கும். அது கைக்கு வளைந்து கொடுக்க நாள் கணக்கில் பந்து பிடிக்க வேண்டும். இது யாரோ ஒரு பிள்ளை ஆடி ஆடிப் பழக்கிய தோல். ஒலிம்பிக்கில் 2008இல் பெய்ஜிங்கிலும் 2021இல் டோக்கியோவிலும் சாஃப்ட்பால் தங்கம் வாங்கிய நாட்டிலிருந்து வந்தது. மணிக்கட்டுப் பட்டையின் உள்ளே மையால் எழுதிய இரண்டு ஜப்பானிய எழுத்துகள் பாதி அழிந்து தெரிகின்றன. மகள் அதைத் துடைக்க விடமாட்டாள்.

நம் மலையில் இன்னொரு எதிரி ஈரம். நனைந்த கிளவுஸைப் பையில் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். துடைத்து, செய்தித்தாளை உள்ளே திணித்து, காற்றாட நிழலில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம், தோல் வெடித்துவிடும். காய்ந்த பிறகு குழிக்குள் பந்தை வைத்து ரப்பர் வளையம் போட்டுவிட்டால் வடிவம் கலையாது.

அந்த 13 அங்குலம் இப்போது பள்ளிக் குழுவில் சென்டர் ஃபீல்டில் நிற்கும் உயரமான பிள்ளையிடம் இருக்கிறது. அவள் கையில் அது கச்சிதமாக நிற்கிறது. என் மகள் அடுத்த தேர்விலும் செகண்ட் பேஸில்தான் நிற்பாள். அதே பயிற்சியாளர்தான் வருகிறார் என்று கேள்வி. நான் முழு நாள் லீவு சொல்லிவிட்டேன்.