ரிசல்ட் நாளில் மெயில் திறக்கவில்லையா?

திருப்பதி, சித்தூர் கல்லூரிகளில் மெயில் சர்வரைக் கவனிப்பவர்களுக்கு:

1. முதலில் லாக் பாருங்கள். எந்த இணைப்பு வரம்பு நிரம்பியது என்பது அதில்தான் தெரியும்.

2. டவ்காட்டில் ஒரு பயனருக்கு, ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 இணைப்புதான் இயல்பு அளவு. 20 ஆக்குங்கள். தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை எடுத்துக்கொள்ளும். போனும் லேப்டாப்பும் சேர்ந்தால் இடமிருக்காது.

3. போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு ஐபி முகவரிக்கு 50 இணைப்புதான் இயல்பு அளவு. விடுதி முழுவதும் ஒரே பொது முகவரியில் வெளியே வந்தால் அது போதாது. அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வரம்பையே நீக்கிவிட்டால் ஸ்பாம் அனுப்புபவர்களுக்கும் கட்டுப்பாடு இருக்காது.

4. எண்ணை ஏற்றும்முன் ரேம் பாருங்கள். டவ்காட்டில் பொதுவாக ஒவ்வொரு ஐமேப் இணைப்பும் தனிப் புராசஸ். ரேம் தீர்ந்தால் எல்லாருக்குமே மெயில் நின்றுபோகும்.

ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.