கடல் கடந்து மீண்ட சொல்

முன்னுரை

மொழிகளுக்கிடையே சொற்கள் கொள்வதும் கொடுப்பதும் இயல்பு. கடன்பெற்ற சொல்லை அயற்சொல் என ஒதுக்குவதும் வழக்கம். அவ்வழக்கிற்குள் எளிதில் அடங்காத சொல்லொன்று நார்வே மொழியில் உண்டு. வானளாவிய கட்டடத்தைக் குறிக்கும் 'ஷ்யூஸ்க்ராப்பர்' என்பதே அது. 'ஸ்கைஸ்கிரேப்பர்' என்னும் ஆங்கிலத் தொகைச்சொல்லைத் தழுவியது.

ஆங்கிலத்தில் வளர்ச்சி

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் கட்டடத்தைக் குறிக்கவில்லை. கப்பற் பாய்மரத்தின் உச்சியில் கட்டிய சிறு முக்கோணப் பாயையே குறித்தது. பின்னர் உயர்ந்த குதிரைக்கும் நெடிய மனிதர்க்கும் வழங்கிற்று. 1880களில், உலோகச் சட்டகத்தின் வலிமையால் அமெரிக்க நகரங்களில் மாடிகள் உயர்ந்தபோது கட்டடத்திற்கு உரியதாயிற்று. வில்லியம் லெ பாரன் ஜென்னியின் வடிவமைப்பில் 1885இல் சிகாகோவில் எழுந்த 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் இவ்வகைக்கு முன்னோடி. அது 1931இல் இடிக்கப்பட்டது.

வேரும் பொருளும்

'ஸ்கை' ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதன் பொருள் 'முகில்'. இடைக்கால ஆங்கிலத்திலும் முகிலைக் குறித்த அச்சொல் பின்னர் வானுக்கு ஆகிவந்தது. நார்வே மொழியிலோ இன்றும் முகிலே. வானம் 'ஹிம்மல்' எனப்படும். சுரண்டுதலைக் குறிக்கும் வினையும் நார்வே மொழியில் முன்பே உண்டு. ஆதலின் அம்மக்களுக்கு இது 'முகிலைச் சுரண்டுவது' எனப் பொருள் தருகிறது. தமிழ் இலக்கண முறையில் கூறின், இரண்டாம் வேற்றுமைத்தொகை. ஜெர்மானியரும் 'முகில்சுரண்டி' என்றே வழங்குவர். அரபு மொழியின் 'நாதிஹத் ஸஹாப்' என்பதோ 'முகிலை முட்டுவது' என்னும் பொருளது.

ஒலி மாற்றம்

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பழைய நார்ஸின் 'ஸ்க' ஒலியை ஆங்கிலம் இன்றும் காத்து நிற்கிறது. தாயகமாகிய நார்வேயிலோ, இச்சொல்லின் முதலில் அவ்வொலி 'ஷ' எனத் திரிந்துவிட்டது. எழுத்து மாறவில்லை, ஒலியே மாறிற்று. பிறந்த வீட்டில் மறைந்த ஒலி புகுந்த வீட்டில் வாழ்கிறது எனலாம்.

முடிவுரை

இச்சொல் நார்வேக்கு உரியதா, ஆங்கிலத்திற்கு உரியதா? உறுப்புகள் நார்வே மொழியின் பழம்பொருள். அவற்றை இணைத்துப் புதுப்பொருள் ஏற்றியது ஆங்கிலம். 'நம்முடையது', 'பிறருடையது' என்னும் இரண்டே கூறுகளில் சொற்செல்வம் முழுவதையும் பகுத்துவிட இயலாது. ஆகவே ஒரு சொல்லை அயலது எனத் தள்ளுமுன் அதன் வழித்தடத்தை ஆராய்தல் மொழி பயில்வோர் கடமையாகும்.