தபாரக் சூரா கேட்கும் கடைசிக் கேள்வி



இஷாவுக்குப் பிறகு, படுக்கப் போகுமுன் தபாரக் சூரா ஓதும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அல்குர்ஆனின் 67ஆவது அத்தியாயமான ஸூரத்துல் முல்க்கைத்தான் அப்படிச் சொல்கிறோம். மொத்தம் 30 ஆயத்துகள். சிறு வயதிலேயே மதரஸாவில் மனனம் செய்ததால் பலருக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். அந்த வேகத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அதன் கடைசி ஆயத்து ஒரு கேள்வி. நாம் பயன்படுத்தும் தண்ணீர் பூமிக்குள் ஆழமாக இறங்கிப் போய்விட்டால், ஓடும் நீரை மறுபடியும் நமக்குக் கொண்டு வருபவன் யார் என்று மக்களிடம் கேட்கும்படி நபி (ஸல்) அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிடுகிறான். கேள்வியோடு சூரா முடிந்துவிடுகிறது. பதில் ஓதுகிறவரிடம் விடப்பட்டிருக்கிறது.

பாலைவன மக்களுக்கான கேள்வி, குற்றாலத்துப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வீட்டில் போர் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அத்தா காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது எத்தனை அடி இறக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அருவிக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு சித்திரை வைகாசியில் கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் நாம் காத்திருக்கிறோம். ஆக, அந்த ஆயத்து தென்காசிக்கும் சேர்த்துத்தான்.

இந்த மாதப் பாடமாக நாம் எடுத்துக்கொள்வது, அல்லாஹ்வை எல்லா உயிர்களின் மூலமாக அறிவது. இதற்கான திருநாமங்களை நாம் ஏற்கெனவே ஓதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆயத்துல் குர்ஸியின் தொடக்கத்திலேயே அல்ஹய்யு, அல்கய்யூம் என்ற இரண்டும் வருகின்றன. அல்ஹய்யு என்றால் என்றும் உயிரோடிருப்பவன். நமக்கும் உயிர் இருக்கிறது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிறது. ஆனால் நம் உயிர் வந்தது, ஒருநாள் போகும். யாரும் கொடுக்காமல், எங்கிருந்தும் வராமல், தானாகவே ஜீவனுள்ளவன் அவன் ஒருவனே. அல்கய்யூம் என்றால் தானும் நிலைத்து மற்ற அனைத்தையும் நிலைநிறுத்துபவன். படைத்துவிட்டு ஒதுங்கிப் போனவன் அல்லன். இந்த நிமிடம் நாம் விடும் மூச்சும் அவன் தாங்கிக்கொண்டிருப்பதால் நடக்கிறது. அல்முஹ்யீ உயிர் கொடுப்பவன், அல்முமீத் மரணத்தைத் தருபவன். இந்த இரண்டையும் பிரித்து ஓதக் கூடாது என்பதற்காகவே உலமாக்கள் இவற்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உயிரை அவன் எப்படி நடத்துகிறான் என்பதற்குக் குர்ஆன் அடிக்கடி எடுத்துக் காட்டும் பொருள் தண்ணீர்தான். உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே உண்டாக்கியதாக ஸூரத்துல் அன்பியாவின் 30ஆவது ஆயத்து சொல்கிறது. வளர்ந்த மனிதனின் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர், பிறந்த குழந்தையின் உடம்பில் அதைவிடவும் அதிகம் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். காய்ந்து கிடக்கும் பூமி மழை பட்டதும் அசைந்து கிளம்புவதை ஸூரா ஃபுஸ்ஸிலத் (41:39) காட்டி, அதை உயிர்ப்பித்தவனே இறந்தவர்களையும் உயிர்ப்பிப்பான் என்கிறது. இதைப் பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. மே மாதம் கருகிக் கிடக்கும் செங்கோட்டை மலையடிவாரத்தை ஜூன் கடைசியில் போய்ப் பார்த்தால் போதும். மறுமையை நம்ப மாட்டேன் என்கிற பிள்ளையை ஒரு தடவை அங்கே கூட்டிப் போகலாம்.

அந்தத் தண்ணீர் வரும் வழியையும் யோசிக்க வேண்டும். உலகத்துத் தண்ணீரில் சுமார் 97 சதவீதம் உப்புக் கடல். வெயில் பட்டு ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது, நீர் மட்டும் மேலே போகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று அந்த மேகத்தைச் சுமந்துகொண்டு ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலான மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. நம் பக்கத்தில் ஆரியங்காவு கணவாய் என்று ஓர் இடைவெளி இருப்பதால்தான் குளிர்ந்த காற்றும் சாரலும் இங்கே வருகின்றன, அருவிகள் நிறைகின்றன. அருவி சிற்றாறாக ஓடி, வழியில் வயல்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. ஸூரத்துல் வாகிஆவில் (56:68-70) அல்லாஹ் கேட்கிறான், குடிக்கிற தண்ணீரை மேகத்திலிருந்து இறக்கியது நீங்களா நாமா என்று. நாடியிருந்தால் அதை உப்புக் கரிப்பாக ஆக்கியிருப்போம் என்றும் நினைவூட்டுகிறான். 97 சதவீதம் உப்பாக இருக்கும் பூமியில் இருந்துகொண்டு இதை ஓதும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இங்கே சகோதரர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். அப்படியானால் தண்ணீர் புனிதமா? குற்றாலத்து நீரைப் பிற சமயத்து அண்டை வீட்டார் தீர்த்தமாகப் போற்றுகிறார்கள். நாம் என்ன சொல்வது?

அல்குத்தூஸ், பரிசுத்தமானவன் என்ற திருநாமம் அல்லாஹ்வுக்குரியது. படைப்பு எதையும் நாம் வணங்குவதில்லை. அதே சமயம் மழைநீரைக் குர்ஆன் அற்பமாகப் பேசவில்லை. ஸூரா காஃபில் (50:9) அதற்கு ‘முபாரக்’, பரக்கத் செய்யப்பட்டது என்று பெயர். ஸூரத்துல் ஃபுர்கானில் (25:48) ‘தஹூர்’, தானும் தூய்மையாயிருந்து பிறவற்றையும் தூய்மையாக்குவது என்று பெயர். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், நீ நன்மையோ தீமையோ செய்ய முடியாத கல் என்று தெரியும், நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் செய்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் சொன்னது புகாரீயில் இருக்கிறது. கல்லைக் கல் என்று தெரிந்துகொண்டே அதைக் கண்ணியப்படுத்தினார்கள்.

நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ‘அது வெறும் தண்ணீர்தானே’ என்று கொள்கையைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதை வெறும் தண்ணீராகவே நடத்துகிறோம். தண்ணீரைத் தெய்வம் என்று கருதுகிறவர் அதில் குப்பை போடத் தயங்குகிறார். தெய்வம் அல்ல என்று அறிந்த நாம், அது யாருடைய சொத்து என்பதை மறந்தால் அவரைவிடக் கீழே போய்விடுகிறோம். தவ்ஹீத் தண்ணீரை மலிவாக்குவதில்லை. எஜமான் யார் என்று தெரிந்த பிறகு அவன் பொருளில் கை வைக்கப் பயம் கூடத்தான் வேண்டும்.

நம் தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்து அடங்கிய பீர் முஹம்மது அப்பா இறைவனைத் தமிழிலேயே புகழ்ந்து, அவனிடமே மன்றாடிப் பாடினார். தறி நெய்து பிழைத்தவர் என்பார்கள். அவருடைய ஞானப்புகழ்ச்சியை ரஜப் மாதத்தில் தக்கலையில் இரவு முழுவதும் பாடுகிறார்கள். தர்கா வழக்கங்களில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இப்போது போக வேண்டாம். எல்லா உயிருக்கும் மூலமானவனைப் பற்றி மலையாளக் கரையோரத்து ஊரில் இந்தத் தமிழில் சிந்தித்த ஒருவர் நம் ஊர்க்காரர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூ செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையிலான நீரில் குளித்தார்கள் என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு ஸாஉ என்பது நான்கு முத். முத் எவ்வளவு என்பதில் மத்ஹபுகளின் கணக்கு வேறுபட்டாலும், ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் போகாது. பள்ளிவாசல் குழாயடியில் ஒரு நாள் வாளி வைத்து உளூ செய்து பாருங்கள். எத்தனை பேருடைய உளூ நம் ஒருவருடைய வாளியில் நிற்கிறது என்று தெரியும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். வீண்விரயம் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சீசன் நேரத்தில் குடும்பத்தோடு அருவிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது, அருவியில் நின்றால் கடமையான குளிப்பு நிறைவேறுமா என்று. உடல் முழுவதும், முடியின் அடிவரை நீர் பட்டால் நிறைவேறும். ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத் அவசியம். ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்புளிப்பதும் மூக்கிற்கு நீர் செலுத்துவதும் ஃபர்ளு. சோப்பும் ஷாம்பூவும் எந்த மத்ஹபிலும் ஷரத்து அல்ல! அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் நமக்கு ஹதீஸ் இருக்கிறது. மக்கள் நீர் எடுக்கும் துறையிலும், நடக்கும் பாதையிலும், நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் உள்ளது. குழந்தையின் டயபரை ஆற்றோரப் புதரில் எறிவது இதில் சேராதா என்று தாய்மார்கள் யோசிக்க வேண்டும். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்த இடத்திலேயே விட்டு வருவதும் அப்படித்தான்.

இன்னொன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். உயிர் கொடுக்கும் அதே தண்ணீர்தான். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது காவலர் தடுத்தால், ‘அல்லாஹ் மேல் தவக்குல்’ என்று சொல்லி உள்ளே நுழையக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

தண்ணீரின் எஜமான் அல்லாஹ் என்றால், போர் நம் நிலத்தில் இருப்பதால் நீர் நம்முடையதாகிவிடாது. தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. தேவைக்கு மிஞ்சிய நீரை வழிப்போக்கனுக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் பார்க்க மாட்டான் என்று புகாரீயில் இருக்கிறது. கோடையில் நமது அறக்கட்டளைக்கு வரும் மனக்குறைகளில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீர் தர மறுத்தார் என்பது. கேட்டவர் முஸ்லிமா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண் நரகம் போனாள். இரண்டும் ஸஹீஹான ஹதீஸ்கள். உயிர் எதில் இருந்தாலும் அதைக் கொடுத்தவன் ஒருவன்தான்.

மதீனாவில் ரூமா கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் அதை வாங்கிப் பொதுவாக்கினார்கள். தாயார் இறந்தபோது எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்குத் தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்ல, அவர் ஒரு கிணறு தோண்டினார். இதைக் கேட்டுப் பெற்றோர் பெயரில் புதிதாக போர் போட்டுத் தர விரும்பி நம்மிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்கள் எண்ணத்தை ஏற்றுக்கொள்வானாக. அவர்களுக்கு எங்கள் யோசனை: தெருவில் ஏற்கெனவே இருக்கும் அடிபம்பு கைப்பிடி உடைந்து கிடக்கிறதா, பள்ளிவாசல் குழாய்களில் வாஷர் தேய்ந்து இரவெல்லாம் சொட்டுகிறதா, மொட்டைமாடி மழைநீர் சாக்கடைக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். புதுத் துளை ஒன்று கூடினால் பக்கத்து வீட்டுப் பழைய கிணற்றில் நீர் இன்னும் கீழே போகும். பழையதைச் சரிசெய்யக் கல்வெட்டு வைக்க இடம் இருக்காது, செலவும் குறைவு, நன்மை அதே நன்மைதான். பழுதான குழாய், பம்புகளின் விவரத்தை உங்கள் மஹல்லா நிர்வாகியிடம் இந்த மாதம் ஜும்ஆவுக்குப் பிறகு எழுதிக் கொடுத்தால், ஆடி முடிவதற்குள் ஆள் அனுப்பிச் சரிசெய்ய ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.