எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

சம்மாந்துறைப் பக்கத்தில் நாம் நடத்திய காணி வகுப்பொன்றில் படிவம் நிரப்பும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 'இடம்பெயர்ந்த ஆண்டு' என்ற கட்டத்துக்கு வந்ததும் முதியவர் ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "பாதர், இதில எந்த வருசத்தப் போடுற? வாப்பா ஓடின வருசமா, நான் ஓடின வருசமா?" என்றார். எதிரே இருந்த தாயொருவர், "எங்களுக்கும் அதே கேள்விதான் காக்கா" என்றார். அன்று நாம் திருப்தியான விடை சொல்லவில்லை. இந்தப் பாடத்தை அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறோம்.

நமது வயலுக்கு வரும் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். கல்லோயா என்று இன்று எழுதப்படும் ஆற்றை நமது மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியொன்று அணையைக் கட்டிற்று. அணைக்குப் பின்னால் தேங்கிய நீரே சேனாநாயக்க சமுத்திரம். ஆற்றின் இருபுறமும் குடியேற்றங்கள் எழுந்தன. தொடக்கத்தில் வந்த குடும்பத்துக்கு நாலு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள் பெரும்பாலும் வாய்க்காலின் தலைப்பக்கத்திலும், கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் கடைப்பக்கத்திலும் இருந்தனர். கடைப்பக்கத்தில் வயல் செய்தவருக்கு அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அணைக்கு முன்பு அந்தக் காடு வெறுங்காடா? இல்லை. தம்மை வன்னியலெத்தோ, அதாவது காட்டு மக்கள், என்று சொல்லிக்கொள்ளும் வேடர்கள் அங்கே வாழ்ந்தார்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலில் ஹெனபெத்தை, தனிகலை வேடர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று குகையும், வேட்டைக் காடும், தேன்பாறையும் இருந்தன. இன்னொருவர் எல்லைக்குள் கேளாமல் போவதில்லை. நிலம் கைமாறும்போது தீத்தட்டும் கல் போன்ற ஒரு பொருளை அடையாளமாகக் கொடுத்தார்கள். நமது உறுதிக்கு அவர்களிடம் இருந்த வடிவம் அதுதான். அந்தக் காட்டில் ஒரு பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் போனது. 1954 இல் மிஞ்சியதில் ஒரு பகுதி கல்லோயா தேசிய வனமானது. அதோடு வேட்டையும் குற்றமாயிற்று. அவர்களின் வழிவந்தோர் இன்று மொனராகலை மாவட்டத்து ரத்துகலை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். நமது சிறுபோகத்துத் தண்ணீருக்கு இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் நாம் அல்லர்.

அடுத்த ஆண்டு 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஜூன் மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழ்த் தொழிலாளரும் குடியேறியவரும் தாக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உயிர் தப்பியோர் கிழக்கே ஓடிவந்தார்கள். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

பிறகு 1990. அதை எழுதும்போது நமது கை தயங்குகிறது. படிப்பவர் இரு தரப்பிலும் இருக்கிறீர்கள். வீரமுனைத் தமிழர்கள் அவ்வாண்டு நடுப்பகுதியில் பலமுறை தாக்கப்பட்டு, ஆகஸ்ட் 12 இல் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்களும் கொல்லப்பட்டனர். அதே மாதம் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் கொல்லப்பட்டனர். பின்னர் ஊர்ப்புறத்து வட்டைகளுக்குப் போக முஸ்லிம் விவசாயிகள் அஞ்சினர். ஊருக்குத் திரும்பத் தமிழர் அஞ்சினர். வயல்கள் பல போகங்கள் தரிசாய்க் கிடந்தன.

இனிக் கொஞ்சம் தொலைவுக்குப் போவோம். தென்னாபிரிக்காவின் கிழக்கு மலைச்சரிவில் கோனி என்ற மக்கள் ஏறத்தாழ 1500 முதல் 1820கள் வரை பயிர் செய்தார்கள். சரிவில் கல்லடுக்கிப் படிவயல், மாடு போக இருபுறமும் கற்சுவர் வைத்த பாதை, வட்டமான வீட்டு வளவு: இவற்றின் தடயம் இன்றும் நூறு மைல் நீளத்துக்குத் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்களில் அவர்கள் சிதறினார்கள். பின்னர் வெள்ளையர் பண்ணை அமைத்தபோது, தம் முன்னோர் கட்டிய சுவர்களுக்கிடையே கூலியாக வேலை செய்தவர்களும் உண்டு. இதிலே வேடிக்கை, அந்தச் சுவர்களை ஆபிரிக்கர் கட்டியிருக்க முடியாது, இந்தியாவிலிருந்து போன திராவிட வணிகர்தாம் கட்டினார்கள் என்று ஒருவர் எழுதினார். ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. தமிழர் என்று நாம் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. நிலத்தைப் பறித்தபின் உழைப்பையும் பறிக்கும் பேச்சு அது.

1913 ஜூன் 19 இல் தென்னாபிரிக்கக் காணிச் சட்டம் கறுப்பு மக்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதத்தையே ஒதுக்கிற்று. 1994 இல் புதிய அரசு, பறித்த நிலத்தைத் திருப்பிக் கேட்கச் சட்டம் செய்தது. ஆனால் அந்த 1913 ஜூன் 19 க்குப் பின் பறிகொடுத்தவரே கேட்கலாம். 1820களில் சிதறியவரின் பேரன் அந்தக் காலத்தை வைத்துக் கேட்க முடியாது. 1913 க்குப் பின் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டதை வைத்தே கேட்க வேண்டும்.

நமது நாட்டிலும் இப்படியே கோடு கிழிக்கப்படுகிறது. தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டம். ஓடிப்போனவருக்கு இதில் அநீதி என்று கண்டு, 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து ஆண்டில் சேராது என்றது. ஆயினும் தீவிரவாத ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் இடம்பெயர்ந்தவருக்கே அது பொருந்தும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகளே தரப்பட்டன. 1956 இல் ஓடியவர் கோட்டுக்கு அப்பால் நிற்கிறார். அனுமதிப்பத்திரக் காணிக்கோ கணக்கு வேறு: அரச காணியில் எவரும் ஆட்சியால் உரித்துப் பெற முடியாது, ஆனால் பயிர் செய்யாமலும் குடியிராமலும் விட்டால் பத்திரம் இரத்தாகலாம். ஓடிய காரணம் எழுத்தில் இருப்பது இங்கே பெரிய விடயம்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நாம் இன்று சொல்வது: கட்டத்தில் சட்டத்துக்குப் பொருந்தும் ஆண்டை எழுதுங்கள், எதுவென்று சட்டத்தரணியிடம் கேட்டபின் எழுதுங்கள். மற்றைய ஆண்டுகளை வேறொரு கொப்பியில் எழுதுங்கள். வட்டையின் பெயர், நான்கு எல்லையில் வயல் செய்தவர்கள், எந்த வாய்க்கால், அக்காலத்து வட்டவிதானை யார், முல்லைக்காரர் யார், களவெட்டி எங்கே இருந்தது, ஓடிய நாளில் எந்தப் போகம், நெல் எந்தப் பருவத்தில் நின்றது. கமநல சேவை நிலையத்து விவசாயக் காணி இடாப்பில் உங்கள் பெயரோ தகப்பனார் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு பெட்டியடியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் வயலை உங்களுக்கு முன் ஆண்டவர் யார், அவர் ஏன் போனார்? இப்போது உங்கள் காணியில் இருப்பவரும் வேறோர் இடத்திலிருந்து துரத்தப்பட்டவரானால் அவரோடு என்ன பேசுவீர்கள்? தண்ணீர்க் கூட்டத்தில் தலைப்பக்கத்தாரும் கடைப்பக்கத்தாரும் ஒன்றாக இருக்கும் நாள் ஒன்றைத் தெரிந்து இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விடைகளை எமக்கு எழுதி அனுப்புங்கள்.