முதலில் இணைப்பு, பிறகு குமிழ்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியலும் ஒலியியலும் அடுத்தடுத்த பாடங்கள். இரண்டையும் ஒரே செயல்பாட்டில் கற்பிக்க ஹாம் ரேடியோ உதவும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைத்தொடர்பு அறுந்த நிலையில், போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ குழுவினர் செய்திகளைக் கொண்டு சேர்த்தனர். அத்தகைய வேளையில் ஊர்ப்பெயர் ஒன்று கரகரப்பில் தவறாகக் கேட்டால் உதவியும் தவறான இடத்துக்குப் போகும்.

ஒலிபரப்ப உரிமம் தேவை. ஒலிபெருக்கும் பகுதியை மட்டும் வகுப்பில் செய்துபார்க்க உரிமம் வேண்டியதில்லை.

நல்ல சால்டரிங்

60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு காரீயமும் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். மாணவர்கள் பலர் அதை அயர்ன் முனையில் உருக்கி இணைப்பின்மேல் சொட்டவிடுவார்கள். பலகையின் செம்புத் தகட்டையும் உறுப்பின் காலையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே கம்பியை உருகிப் பரவவிடுவதே சரியான முறை. இறுகும்வரை அசைக்கக் கூடாது. நல்ல இணைப்பு காலைச் சுற்றி உட்குழிந்த சரிவாகப் படியும். குறையுள்ளது உருண்டையாக நிற்கும். காரீயம் இல்லாத கம்பியில் நல்ல இணைப்பும் சற்று மங்கலாகவே தெரியும். ஆகவே பளபளப்பைவிட வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செயல்பாடு

எல்.எம். 386 சில்லு, 9 வோல்ட் மின்கலம், 10 கிலோ ஓம் ஒலிக்குமிழ், 8 ஓம் ஸ்பீக்கர் கொண்ட மூன்று பலகைகளைத் தயார்செய்யுங்கள். ஒன்று சரியாக இருக்கட்டும். இரண்டாவதில் குமிழின் தரைமுனை இணைப்பையும், மூன்றாவதில் ஸ்பீக்கர் இணைப்பையும் வேண்டுமென்றே குறையாக விடுங்கள். கைபேசியில் பதிவுசெய்த 10 ஊர்ப்பெயர்களைக் குறைந்த ஒலியில் ஒவ்வொன்றிலும் செலுத்துங்கள்.

தரைமுனை விட்டுப்போனால் குமிழை எவ்வளவு குறைத்தாலும் ஒலி குறையாது. ஸ்பீக்கர் இணைப்பு தளர்ந்தால் பலகையை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வரும். எந்தக் குமிழும் இவற்றைச் சரிசெய்யாது என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவார்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் இணைப்புகளைச் சோதித்து, மீண்டும் சால்டர் செய்யட்டும்.

ஒலியைச் சரிசெய்தல்

இந்தச் சில்லின் பெருக்கம் 20 மடங்கு. 1, 8 ஆம் கால்களுக்கிடையே 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் 200 மடங்காகும். அப்போது ஒலி அதிகரிக்கும். ஆனால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சொற்கள் சிதையும். ஹாம் ஒலிபரப்பியில் மைக் பெருக்கத்தை அளவுமீறி வைத்தாலும் இதுவே நிகழும். அருகிலுள்ள அதிர்வெண்களில் பேசுவோருக்கும் இடையூறாகும். பேச்சு புரிய ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை போதும்.

மதிப்பீடு

ஒவ்வொரு அமைப்பிலும் 10 பெயர்களில் எத்தனையைச் சரியாக எழுதினார்கள் என்று பட்டியலிடச் செய்யுங்கள். அதிகச் சத்தத்தில்தான் அதிக மதிப்பெண் வந்ததா என்று கேளுங்கள்.

பாதுகாப்பு: காற்றோட்டமான அறை, கண்ணாடி, அயர்னுக்குத் தாங்கி ஆகியவை கட்டாயம். முடிந்ததும் சோப்பால் கைகழுவச் செய்ய வேண்டும்.