கரகரக்கும் ஸ்பீக்கரும் திருத்தக் கூலியும்

பழைய கணனி ஸ்பீக்கரை எறிந்துவிட மனமின்றித் திருத்தக் கொண்டுவருவோர் இன்னும் இருக்கிறார்கள். வீட்டோடு சிறு திருத்தகம் நடத்தும் சகோதரர்களுக்கு இது சில்லறை வேலைதான். கூலி குறைவு என்பதால், ஒரு தடவை திரும்பி வந்தாலே உழைத்தது போய்விடும். ஆகவே விலை சொல்லுமுன் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள்.

வொலியூம் குமிழுக்குக் கீழே ஒரு காபன் தடமும் அதன்மேல் நகரும் உலோக நாக்கும் இருக்கின்றன. ஸ்டீரியோவில் இவை இரண்டு சோடி, கால்கள் ஆறு. தடத்தில் அழுக்குப் படியலாம், கால்களில் ஈயம் வெடிக்கலாம், அல்லது தடமே தேய்ந்து போகலாம்.

நான் முதலில் பாட்டொன்றைப் போட்டு, குமிழைத் திருப்பாமல் பக்கவாட்டில் மெதுவாக அசைப்பேன். சத்தம் வந்து வந்து போனால் ஈயத்தைப் பார்க்க வேண்டும். திருப்பும் இடமெல்லாம் கரகரத்தால் அநேகமாக அழுக்கு. வழமையாக வைத்துக் கேட்கும் இடத்தில் மட்டும் சத்தம் அறுந்தால் தேய்வு.

திறக்குமுன் பிளக்கைக் கழற்றிச் சில நிமிடங்கள் விடுங்கள். டிரான்ஸ்போமருக்கு 230 வோல்ட் வருகிறது. அழுக்கென்றால் கொன்டக்ட் கிளீனரைக் கால்களுக்கு அருகிலுள்ள இடைவெளியால் சிறிதளவு செலுத்தி, குமிழை இருபது முப்பது தடவை முழுமையாகத் திருப்பி, காயவிட வேண்டும். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அன்றைக்கு நன்றாகப் பாடும். பிறகு அந்த எண்ணெய்ப் படலமே தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போவதாயின் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். தண்டின் நீளம், வெட்டு, கால்களின் இடைவெளி எல்லாம் பொருந்த வேண்டுமே. அதில் 'பி 50 கே' என்றிருந்தால் 50 கிலோ ஓம், சீராகக் கூடும் வகை. 'ஏ' என்பது காதின் கேட்கும் தன்மைக்கேற்ப அமைந்தது. 'ஏ' இருந்த இடத்தில் 'பி' போட்டால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறும். வாடிக்கையாளர் மறுநாள் வந்து நிற்பார்.

சுத்தம் செய்துவிட்டுப் பாகம் மாற்றிய விலையை வாங்குவதை நான் ஏற்பதில்லை. மாற்றினால் பழையதைச் சிறு பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். தேய்ந்த தடத்தைச் சுத்தம் செய்தால் போதும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அது நீடிக்காது என்பதைப் பில்லிலேயே எழுதிவிடுவேன்.

புதியதைப் போட்டும் கரகரத்தால்? பல செட்டுகளில் ஒலி நேராகவே இந்தத் தடத்தினூடாகப் போகிறது. அவற்றில் நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையில் டீசி வோல்ட் ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டும். மீட்டர் வேறு காட்டினால், முன்னாலுள்ள கபாசிட்டர் கசிகிறதா என்று பாருங்கள். அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும்.